சிப்பாய் டோர்வார்டை நான் ஒளித்து வைத்த விதம்

கான்ஸ்டபிள் ரென்னி, உங்கள் நிலையத்து பிஸ்கட் நமுத்துப் போயிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. இறுக்கமான மூடி உள்ள தகர டப்பாவில் போட்டு வைத்தால் நமுக்காது. காகிதமும் பேனாவும் கொடுத்து, நடந்ததை என் கைப்பட எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை, இத்தனை நாள் மறைத்ததைத் தவிர.

நான் எல்ஸ்பெத் கூர்லி. பிட்கெல்லியில் பிறந்து பிட்கெல்லியிலேயே வயதானவள். பல் டாக்டரின் வரவேற்பு மேசையில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் போயிற்று. வலியோடு வந்தவரை, இதோ இப்போது கூப்பிடுவார் என்று சொல்லிச் சொல்லியே ஒரு மதியம் முழுக்க நாற்காலியில் உட்கார வைக்கிற வித்தை எனக்குக் கைவந்தது. ஓய்வு பெற்றதும் நூலக மாடியில் இருக்கும் வம்ச வரலாற்றுச் சங்கத்தில் சேர்ந்தேன். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைப் படியெடுத்து, யார் எந்த வீட்டில் இருந்தார் என்று தேடுகிறவர்களுக்குப் பெயர் வரிசை தயாரிப்பது எங்கள் வேலை. ஒருவர் படியெடுக்க வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. 1861ஆம் வருடத்து ஏட்டில் எங்கள் ஊர்ப் பகுதியை நான் படியெடுத்தேன். சரிபார்க்க வேண்டிய நெட்டா ஸ்பிங்க் கண்புரை அறுவைக்குப் போயிருந்தாள். அதனால் நானே சரிபார்த்தேன். என் வேலையில் எனக்குத் திருப்திதான்.

அந்த வசந்தத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அலிக் டோர்வார்ட் மாடி ஏறி வந்தார். டண்டீ போகும் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகவில்லை, வண்டி நேரத்துக்கு எந்தப் பெண்ணும் ஒத்துவரவில்லை என்று சொல்லிக்கொள்வார். கணினியைக் கண்டால் காத தூரம் ஓடுவார். கையில் புகை போட்ட ஹடக் மீன் ஒரு ஜோடி, காகிதத்தில் சுற்றி. சும்மா வந்து உதவி கேட்கக் கூடாதாம்.

"எங்க கொள்ளுத்தாத்தா ஒரு சிப்பாய்ங்க. டேவிட் டோர்வார்ட்னு பேரு. எந்தக் கணக்கெடுப்புலயும் மனுசன் அகப்பட மாட்டேங்கறாரு. அவரு கட்டுன பொண்ணு இந்த ஊர்க்காரின்னு மட்டும் எங்கப்பா சொல்லுவாரு. அந்தக் குடும்பம் எதுன்னு கண்டுபிடிச்சுக் குடுத்தீங்கன்னா போதும்."

"கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"போய்ப் படுத்துக்கத்தான்."

கடலோரப் பழைய கல்லறைத் தோட்டத்தைச் சொன்னார். அங்கே பழைய குடும்பங்களின் குழியில் மட்டும்தான் இடம் உண்டு, அதுவும் அந்த ரத்தத்துக்கு மட்டும். மற்றவர்களுக்குக் கார் கழுவும் கடைக்குப் பின்னால் இருக்கும் புது இடம். "வாழ்நாள் பூரா டீசல் நாத்தத்துல ஓட்டிட்டேன். செத்த பெறகாவது வண்டிச் சத்தம் இல்லாம, நம்ம ஆளுங்க பக்கத்துல கெடக்கணும்னு ஒரு ஆசை. எனக்குன்னு வேற யாரு இருக்கா சொல்லுங்க" என்றார்.

அவர் பேசி முடிப்பதற்குள் எனக்கு விடை தெரிந்துவிட்டது. கணக்கெடுப்பில் ஓர் இரவு யார் எந்தக் கூரையின் கீழ் தூங்கினாரோ அங்கேதான் எழுதுவார்கள். சிப்பாய் கடல் கடந்து கிடந்தால் ஏட்டில் இருக்க மாட்டான். ஆனால் அவன் மனைவி தாய்வீட்டில் இருப்பாள். எங்கள் நாட்டில் பெண்ணைக் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரால் எழுதுகிற வழக்கம் உண்டு. அதனால் டோர்வார்ட் என்று தேடுகிறவர் கண்ணில் அவள் பட மாட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் அந்தப் பக்கத்தைப் படியெடுத்திருந்தேன். ராபர்ட் கூர்லி, மீனவர். மகள் மார்கரெட் கூர்லி, சிப்பாயின் மனைவி. பேரன் அலெக்ஸாண்டர் டோர்வார்ட், கைக்குழந்தை. அந்தக் குழந்தைதான் அலிக்கின் தாத்தா. ராபர்ட் கூர்லி என் தாத்தாவின் தாத்தா.

நான் சொன்னது இதுதான்: "கொஞ்சம் சிக்கலான கேஸ். உக்காருங்க, டீ போடறேன்."

ஏன் என்று கேட்பீர்கள். காரணம் மிகவும் நியாயமானது. கூர்லி குழியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. என் அம்மா சாகும்போது, "உனக்கு நகை நட்டுன்னு ஒண்ணும் வெக்கல, அந்த எடம் இருக்கு, யாருக்கும் விட்டுக் குடுத்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். ராபர்ட்டின் வம்சத்தில் யார் முந்திக்கொள்கிறாரோ அவருக்கே இடம் என்பது விதி. அலிக் அன்றைக்கே இருமிக்கொண்டிருந்தார். என் சொத்தைப் பாதுகாக்க நான் சில ஏற்பாடுகள் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் அந்தக் கைக்குழந்தையைப் பெயர் வரிசையில் கூர்லி என்று போட்டேன். வீட்டுத் தலைவர் பெயரையே எல்லோருக்கும் போட்டுவிடுவது படியெடுப்பவர்கள் சாதாரணமாகச் செய்யும் பிழை, யாரும் குற்றம் சொல்ல முடியாது. பிறகு அலிக்கின் தாத்தாவுடைய பிறப்புச் சான்றிதழை நானே வரவழைத்துத் தருகிறேன் என்றேன். வந்தது. தாயின் பெயர் இருக்கும் இடத்தில் மை கொட்டியிருக்கிறது, படிக்க முடியவில்லை என்று அவரிடம் சொன்னேன். கொட்டியிருந்தது உண்மைதான். கொட்டியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன், மைக்கூடும் என் கையில்தான் இருந்தது.

ஆனால் தேடுகிறவருக்குத் தேட ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் சந்தேகம் வரும். அதற்காக அவரை வடக்கே நடுக்கடலில் இருக்கும் ஷெட்லாண்ட் தீவுக்கு அனுப்பினேன். அங்கே ஒரு டேவிட் இருந்தான் என்றேன். பிப்ரவரி மாதம், கப்பலில் போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்தாராம். திரும்பி வந்து, "அந்த டேவிட்டு நம்ம டேவிட்டு இல்லீங்க எல்ஸ்பெத்து, அவன் தச்சன். ஆனா ஊரு நல்லா இருக்கு, குதிரையெல்லாம் நாய் ஒசரந்தான்" என்று சந்தோஷமாகச் சொன்னார். தேநீர் ஆறும்வரை குதிரைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்து வடகோடி மாவட்டமான கேத்னஸில் ஓர் ஆடு திருடிய டேவிட் டோர்வார்டைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றால், யோசித்துக் கண்டுபிடித்தேன். அலிக் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திருடனின் கொள்ளுப்பேரனாக இருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. என்னிடம் சொல்லாமல் ஓர் ஆட்டுத் தொடையை வாங்கிக்கொண்டு கேத்னஸுக்கே போய், நான் சொன்ன பண்ணையின் கதவைத் தட்டி, "எங்க தாத்தா உங்க ஆட்டத் தூக்கிட்டுப் போயிட்டாரு, மன்னிச்சுக்குங்க" என்று கொடுத்திருக்கிறார். பண்ணைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் ஆட்டுத் தொடையை வேண்டாம் என்பாரா? இரண்டு நாள் விருந்து வைத்து, கையில் ஒரு நாய்க்குட்டியையும் கொடுத்து அனுப்பினார். அந்த நாய் இப்போது எங்கள் சங்கத்து ஹீட்டருக்கு முன்னால்தான் தூங்குகிறது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றே சொல்வேன்.

வருஷங்கள் இப்படிப் போயின. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அலிக் மீனை மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றார்.

"விட்டுடலாம்னு பாக்கறேன். உங்களுக்கும் வீண் சிரமம். அந்தக் கார் கழுவற எடத்துலயே போட்டுட்டுப் போகட்டும்."

என் நோக்கம் நிறைவேறிவிட்டது. இடம் என்னுடையதாகிவிட்டது. அவரைப் போகவிட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் காகிதம் மிச்சம். ஆனால் ஆய்வு என்றால் பாதியில் விடக் கூடாது என்பது என் கொள்கை. அதனால், "இப்பத்தான் ஒரு குடும்பம் கெடைச்சிருக்கு, கிட்டத்தட்ட உறுதி" என்றேன். பக்கத்து மீனவ ஊரில் கேர்ன்ஸ் என்று ஒரு குடும்பம். நல்ல மனிதர்கள், எதைச் சொன்னாலும் நம்புவார்கள். அலிக் போய் நின்றதும் கட்டிப் பிடித்துக்கொண்டார்களாம்.

அந்தக் குளிர்காலத்தில் அங்கே பெரியவர் கேர்ன்ஸ் இறந்துபோனார். எங்கள் வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைக் குழியில் இறக்கும் கயிறுகளை நெருங்கிய ரத்தத்துக்குத்தான் கொடுப்பார்கள். எந்தக் கயிறு யாருக்கு என்று முன்கூட்டியே சிறு அட்டையில் அச்சடித்து அனுப்புவார்கள். அலிக்குக்கு அட்டை வந்தது. வாழ்நாளில் அவருக்கு வந்த முதல் அட்டை. அதை உறையோடு கொண்டுவந்து என்னிடம் காட்டினார். நானும் சாவுக்குப் போயிருந்தேன். தன் ரத்தத்தில் ஒரு துளிகூட இல்லாத மனிதரின் தலைமாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் நீர் வழிய, துடைக்கக் கை இல்லாமல் அழுதார். நல்ல அழுகை. கயிறு கிடைக்காத உண்மையான தங்கை மகன் ஒருவன் வாசலிலேயே கோபித்துக்கொண்டு போனவன், இன்றுவரை அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை என்று கேள்வி.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேர்ன்ஸ் வீட்டில் செவ்வாய்க்கிழமைதோறும் பார்லி சூப் வைப்பார்கள். அலிக் அங்கே போக ஆரம்பித்துவிட்டார். இரண்டு வாரம் மாடிக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் நான் ஆதாரங்களை மறுபரிசீலனை செய்தேன். ஆய்வில் கறாராக இருக்க வேண்டும். ஆளனுப்பி அவரை வரவழைத்து, கேர்ன்ஸ் குடும்பம் அவர் குடும்பம் இல்லை, நான் தவறு செய்துவிட்டேன் என்றேன்.

நாய் வந்து அவர் காலடியில் படுத்தது.

"அப்ப நான் யாரு சாவுக்கு அழுதேன்?" என்று கேட்டார்.

"பெரியவர் கேர்ன்ஸுக்கு. அவர் அழத் தகுந்தவர்தான்" என்றேன். அது உண்மை, எல்லோரும் அவரைப் பற்றி நல்லபடியாகத்தான் சொன்னார்கள். மறு செவ்வாய் அலிக் வழக்கம்போல் மீனோடு வந்துவிட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியை, இடம் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கள் குடும்பக் கல்லறைக் கல்லைப் பற்றி. நெட்டாவுக்கு இந்த வருஷம் இன்னொரு கண்ணிலும் புரை எடுத்து, நன்றாகத் தெரிய ஆரம்பித்ததுதான் வினை. கல்லறை எழுத்துகளைப் படியெடுக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். போன மாதம் ஒருநாள் என்னிடம் வந்து நின்றாள்.

"ஏண்டி எல்ஸ்பெத்து, உங்க வீட்டுக் கல்லுல அடியில பாசிக்குள்ள இன்னொரு பேரு இருக்கே, பாத்திருக்கியா? டோர்... ன்னு ஆரம்பிக்குது."

"கண்ணு புதுசு. போகப் போகச் சரியாயிடும்" என்றேன்.

"கண்ணுக்கென்ன கேடு. கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு அந்த மனுசன நெய்க்கு அலைய விடறியோன்னு எனக்கு ஒரு ரோசனை" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

நகர மன்றத்து ஆட்கள் ஆண்டுதோறும் வந்து கல்லறைக் கற்களைக் கையால் தள்ளிப் பார்ப்பார்கள் அல்லவா? ஆடுகிற கல்லைப் பாதுகாப்புக்காகத் தரையில் படுக்க வைத்துவிடுவார்கள். எழுத்து கீழே போய்விட்டால் அதன் பிறகு புழுக்களுக்குத்தான் படிப்பு. ஆகவே எங்கள் கல் கொஞ்சம் ஆடினால் போதும் என்று எனக்குத் தோன்றியது. குரோக்கஸ் பூச்செடிக் கிழங்கு நடுகிறேன் என்று சொல்லி, சிறு மண்வெட்டியோடு தினமும் பிற்பகலில் போய்க் கல்லின் அடியில் தோண்டினேன். பாதிரியார் அந்தப் பக்கம் வந்தபோது, முன்னோர்மீது இவ்வளவு பற்று உள்ளவர்கள் இந்தக் காலத்தில் யார் என்று என்னை மெச்சினார். மண்ணை வாளியில் அள்ளிக் கடலில் கொட்டினேன். கிழங்கும் நட்டேன், பொய் சொன்னதாக இருக்கக் கூடாது.

மன்றத்து ஆட்கள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நெட்டா அலிக்கைக் கூப்பிட்டு, "போய் கூர்லி கல்லச் சொரண்டிப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவரும் பேருந்து நிலையத்தில் வாங்கிய பல் துலக்கும் பிரஷ்ஷோடு போய், முழங்காலிட்டு, பாசியைத் தேய்த்திருக்கிறார். மற்றது உங்கள் கோப்பில் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அலிக்கின் ஒரு காலை மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். நெட்டா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அலிக்கின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. அது எனக்கு வலித்தது.

"எல்ஸ்பெத்து, கல்லு அப்படியே எம்மேல சாய்ஞ்சிருச்சு. நல்ல வேளை, பக்கத்துக் கல்லு தாங்கிக்கிச்சு, காலு மட்டும் மாட்டிக்கிச்சு. மூஞ்சிக்கு நேரா எழுத்து. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் வேற சோலி என்ன இருக்கு? எழுத்துக் கூட்டிப் படிச்சேன். 'மார்கரெட் கூர்லி, அந்நிய மண்ணில் உறங்கும் சிப்பாய் டேவிட் டோர்வார்டின் மனைவி'ன்னு போட்டிருக்கு. வலியே தெரியலைங்க. நீங்களும் நானும் சொந்தம். நீங்க மாமன் வழி, நான் அத்தை வழி."

"தூரத்துச் சொந்தம்தான்" என்றேன்.

"கல்யாணத்துக்குத் தடையில்லாத தூரம்" என்றாள் நெட்டா, ஆரஞ்சைப் பார்த்தபடி. அதை ஏன் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அலிக் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம், உங்க வீட்டுக் கல்லாப் போயி உங்களுக்கே தெரியாமப் போச்சே. எத்தன வருசம் எனக்காக மண்டைய ஒடைச்சிக்கிட்டீங்க. போதும், தேடுனது கெடைச்சிருச்சு. இனிமே வாராவாரம் வந்து உங்க உசிர வாங்க மாட்டேன்."

அப்போது நான் சொன்னதை நெட்டா உங்களிடம் புகாராகச் சொல்லியிருப்பாள். சொன்னேன், மறுக்கவில்லை. ஒரு கல் மட்டும் ஆதாரமாகாது, அதே பெயரில் மதராஸ் படையிலும் ஒரு டேவிட் டோர்வார்ட் இருந்திருக்கிறான், எந்த டேவிட் என்று பார்த்துவிடுவோம், இன்னும் ஐந்தாறு வருஷத்தில் தெரிந்துவிடும் என்றேன். அலிக் சரியென்று தலையை ஆட்டினார். நெட்டா உரித்த ஆரஞ்சை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். என் கைப்பையைத் திறக்கச் சொன்னீர்கள். மண்வெட்டி இருந்தது.

ஆக, கல்லை ஆட்டியது நான்தான். மை கொட்டியது, பெயரை மாற்றியது, ஆடு திருடாதவனை ஆட்டுக் கள்ளனாக்கியது, கேர்ன்ஸ் குடும்பத்தைக் கொடுத்ததும் பிடுங்கியதும் எல்லாம் நான்தான். எல்லாம் அந்த ஓர் இடத்துக்காக. நான் கல்நெஞ்சக்காரி இல்லை. இடத்தை இப்போது அலிக்குக்கே எழுதிக் கொடுக்கத் தயார், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

காலையில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள், அதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். பெட்டிக்குத்தானே ஓர் இடம், எரித்துச் சாம்பலாகக் கொண்டுவந்தால் அதே குழியில் எத்தனை பேரையும் வைக்கலாமே, அது உங்களுக்குத் தெரியாதா என்றீர்கள். தெரியும். அலிக் முதன்முதலாக வந்துபோன மறுநாளே கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டேன். தாராளமாக இரண்டு பேரும் வரலாம், ஆட்சேபணையே இல்லை என்றார்கள். அலிக்கிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால், நன்றிங்க என்று சொல்லி, தொப்பியை மாட்டிக்கொண்டு போயிருப்பார்.